முந்நூற்று எழுபத்தாறு

பெற்றோர் வைத்த பெயர் மக்களவைப் பதிவேட்டில் இருக்கிறது. சக எம்.பி.க்கள் வைத்த பெயர் ‘376’. ஒழுங்குப் பிரச்சினை எழுப்பும் உரிமையைத் தரும் விதியின் எண் அது. கட்சிக்கு ஒருவராவது இப்படி வாய்த்துவிடுவார்.

கையில் எப்போதும் விதிப்புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டு ஒட்டி, புத்தகம் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். வாய்மொழிப் பதிலுக்கென்று 20 கேள்விகள் காத்திருக்கும். முதல் கேள்வியின் எண்ணைச் சொல்வதற்குள் பாதிப்பேர் அவையின் நடுவே இறங்கிவிடுவார்கள். கோஷம் போடக்கூடாது, காகிதத்தைக் கிழிக்கக்கூடாது, பேசுபவருக்கும் சபாநாயகருக்கும் குறுக்கே நடக்கக்கூடாது. எல்லாம் 349-இல் இருக்கிறது. “ஐயா, விதி 349...” என்று இவர் தொடங்கும்போது அவை 12 மணி வரை ஒத்திவைக்கப்பட்டிருக்கும். கத்தியவர்கள் காபி குடிக்கப் போய்விடுவார்கள். இவர் மட்டும் சபாநாயகர் இருக்கையை நோக்கிக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் வெளியேறுவார். அதுவும் 349தான்.

12 மணிக்குப் பூஜ்ய நேரம். விதிப்புத்தகத்தில் அப்படியொரு நேரமே கிடையாது என்பது இவருக்குத் தீராத நெஞ்செரிச்சல். “பாயின்ட் ஆஃப் ஆர்டர்!” என்று எழுந்துவிடுவார். “எந்த விதியின் கீழ்?” என்று சபாநாயகர் கேட்டால் மற்றவர்கள் மென்று விழுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். இவரிடம் கேட்டால் வினைதான். விதி, உட்பிரிவு, பக்கம் என்று வரிசையாக வரும். “பைட்டியே, பைட்டியே” (உட்காருங்கள்) என்ற இந்திக் குரல் நாலு தடவை கேட்டபின் மைக் அணையும். வாக்கெடுப்பு மணி காதில் விழவில்லை என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பக்கூடாது என்றும் அதே 376 சொல்கிறது. சொன்னால் என்ன, பிரச்சினைக்கா பஞ்சம்?

வெள்ளிக்கிழமை பிற்பகல் கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கு. 1970-க்குப் பிறகு அந்த வழியில் வந்த ஒன்றுகூடச் சட்டமானதில்லை. ஆனாலும் ஒரு வெள்ளியன்று குலுக்கலில் இவருடைய மசோதா விழுந்துவிட்டது. புதுச் சட்டை போட்டு வந்தார். எழுந்தார். தொண்டையைச் செருமினார். பழக்கதோஷம், தலைகளை எண்ணினார்.

விமானம் பிடிக்கப் போனவர்கள் போக, முப்பது பேர் தேறவில்லை. 543 பேர் கொண்ட அவைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 பேர் வேண்டும்; அதுதான் கோரம். யாரும் சுட்டிக்காட்டாதவரை அவை பாட்டுக்கு நடக்கும். அதைப் பற்றி வாயைத் திறக்காமல் மசோதாவைப் பேசிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

“ஐயா, அவையில் கோரம் இல்லை.”

மணி அடித்தார்கள். கேன்டீனிலிருந்து ஒருவர் வாயைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தலைமை இருக்கையில் இருந்தவர் மலர்ந்த முகத்தோடு சொன்னார்: “மாண்புமிகு உறுப்பினர் சொல்வது சரி.” திங்கள் காலை 11 மணி வரை அவை ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே வந்ததும் கூட்டாளி எம்.பி. பிடித்துக்கொண்டார். “என்னண்ணே, உங்க மசோதாவுக்கு நீங்களே வேட்டு வச்சிட்டீங்களே?”

“மசோதா கிடக்குது தம்பி. இத்தனை வருஷத்துல முதல் தடவையா ரூலிங் நம்ம பக்கம் வந்திருக்கு, அதைப் பாரு!”