கணக்கு எங்கே போச்சு?

கேள்வி: எங்கள் பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டில் விண்டோஸ் யூசர் அக்கவுண்ட் பழுதாகி, புதியது திறந்தோம். டெஸ்க்டாப் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. டேலி, பில், சலான் எல்லாம் போச்சா?
– வாசகர், மூலனூர்

பதில்: போகவில்லை, பக்கத்து வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அட்மின் உரிமையோடு சி டிரைவின் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்தால் பழைய பெயர் தெரியும். அதிலிருந்து டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் காப்பி செய்யுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம். மொத்தமாக அள்ளினால் 'என்டியூசர் டாட்' என்ற மறைந்திருக்கும் ஃபைலும் ஒட்டிக்கொண்டு வரும். செட்டிங்ஸ் இருப்பது அதில்தான், பல சமயம் பழுது இருப்பதும் அதில்தான். பிரிண்டரையும் வால்பேப்பரையும் கையாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல், செட்டிங்ஸை மாற்ற விஸ்டா காலத்தில் 'ஈஸி டிரான்ஸ்ஃபர்' என்று மைக்ரோசாஃப்டே ஒன்று தந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அது இல்லை. பெயரில் ஈஸி இருந்தது அவர்களுக்கே உறுத்தியதோ என்னவோ!

டேலிபிரைம் வழக்கமாகத் தன் டேட்டாவை 'பப்ளிக்' ஃபோல்டரில் வைக்கும். யார் உள்ளே வந்தாலும் கிடைக்கும். பழைய கடிதங்கள் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால், பாமினி ஃபாண்ட் பழையவருக்கு மட்டும் போடப்பட்டிருக்கிறது. இம்முறை எல்லா யூசருக்குமாகப் போடுங்கள்.

குரோமில் சேமித்த ஜிஎஸ்டி பாஸ்வேர்டு? அது பழைய அக்கவுண்டின் சாவியால் பூட்டப்பட்டது. காப்பி செய்தாலும் திறக்காது. கூகுள் கணக்கில் சேமித்திருந்தால் தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது'தான் வழி. ஓடிபி, பதிவான மொபைலுக்கு வரும். அது ஆடிட்டரின் நம்பர் என்றால், ஃபீஸ் பாக்கியை முதலில் கொடுத்துவிடுங்கள்.