ஜோசியர் பார்த்த 2147483647

2147483647 என்பது 31 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் பத்து இலக்க எண். அதன் தன்மைகளை ஓர் எண் ஜோசியரும் ஒரு கணக்கு ஆசிரியரும் அலசியது இப்படி:

ஜோசியர்: கூட்டினால் 46, அதைக் கூட்டினால் 10, முடிவில் 1. சூரியனுடைய எண், ராஜயோகம்! செல்போனுக்கு வாங்கிவிடலாமே சார்?

ஆசிரியர்: இந்தியாவில் செல்போன் எண் 2-இல் தொடங்குவதில்லை ஜோசியரே. நீங்கள் கூட்டிக் கண்டது, 9-ஆல் வகுத்தால் வரும் மீதி. 28-க்கும் 1000-க்கும் அதே 1-தான். இதன் சிறப்பே வேறு: இது பகா எண். 1-உம் இதுவும் தவிர வேறெந்த எண்ணும் இதை மீதியின்றி வகுக்காது.

ஜோசியர்: வகுத்துப் பார்த்தது யார்?

ஆசிரியர்: 1644-இல் மெர்சென் பகா எண் என்று பட்டியலிட்டார், 1772-இல் நிரூபித்தவர் ஆய்லர். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. பகா எண் இல்லையென்றால் 46341-க்குள் ஒரு வகுஎண் இருந்தாக வேண்டும். அதில் பகா வகுஎண் எதுவானாலும், 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63-தான் வரும் என்று கண்டார். 311 அப்படி ஒன்று. அதால் வகுத்தால் 35 மிஞ்சுகிறது. இப்படி அதிகபட்சம் 372 எண்களைச் சோதித்தால் போதும்.

ஜோசியர்: 372-க்குக் கூட்டு எண் 3. குரு பார்வை!

ஆசிரியர்: 2147483647-ஐ 30 இரண்டுகளின் பெருக்கத்தால் பெருக்கினால் 2305843008139952128. தன்னைவிடச் சிறிய வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் செவ்விய எண் அது. அதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811-இல் பீட்டர் பார்லோ எழுதினார். 1876-இல் லூக்காஸ் இதே வகையில் 39 இலக்கப் பகா எண்ணை நிறுவியதும், அதிலிருந்து இன்னும் பெரிய செவ்விய எண் கிடைத்து அந்த வாக்கு பொய்த்தது.

ஜோசியர்: அடடா, பார்லோவும் நம்ம தொழில்தானா?

ஆசிரியர்: கிட்டத்தட்ட. கணினியில், குறியோடு சேர்த்து 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண்ணும் 2147483647-தான். இன்னும் 1 சேர்ந்தால் பெரும்பாலும் −2147483648 ஆகிவிடும்.

ஜோசியர்: ஒன்று கூடினால் கூட்டு எண் 2, சந்திரன். சரிவு வரத்தானே செய்யும்!

ஆசிரியர்: சந்திரன் இல்லை, இடப் பற்றாக்குறை. 2014-இல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வைகள் இந்த எல்லையைத் தாண்டின. யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் பழைய 32 பிட் நிரல்களுக்கு, 2038 ஜனவரி 19 காலை இந்திய நேரம் 8:44:07-க்கு இந்த எண் வரும். அடுத்த நொடியில் அவை 1901-க்குப் போய்விடும்.

ஜோசியர்: பரிகாரம்? பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டலாமா?

ஆசிரியர்: கூட்ட வேண்டியது பிட்டை. 64 பிட்டின் எல்லை 9223372036854775807.

ஜோசியர்: கூட்டு எண் 7. கேது! ஆகாது சார்.

ஆசிரியர்: அது 7-ஆல் மீதியின்றி வகுபடவும் செய்யும்; பகா எண்ணே இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கில் நொடிகள் நிரம்ப 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.