பாஸ்போர்ட் உடம்பும் ரேஷன் கார்டு உடம்பும்

நம் நாட்டில் அறிவியல் எவ்வளவு பணிவானது என்று 2021இல் பார்த்தோம். கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசியின் இரண்டாம் தவணைக்கு 28 நாள் போதும் என்றது முதலில். மார்ச்சில் அது ஆறு முதல் எட்டு வாரம் ஆனது. மே 13 அன்று 12 முதல் 16 வாரம். ஊசி கிடைக்காமல் ஊரே அலைந்த நாட்களில், ஊசியைத் தள்ளிப்போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று தெரிந்துவிட்டது. கிடங்கு காலியாகிற நேரம் பார்த்து ஞானம் பிறக்கிறது, என்ன பாக்கியம்!

ஆதாரம் கேட்டால் பிரிட்டனின் அனுபவம் என்றார்கள். மறுநாளே அந்தப் பிரிட்டன், 50 வயது தாண்டியவர்களுக்கு 12 வாரத்தை எட்டாகக் குறைத்தது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட உருமாறிய கிருமியைப் பார்த்து லண்டன் பயந்தது; டெல்லி பயப்படவில்லை.

ஜூனில் இன்னொரு அற்புதம். படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போகிறவர்களும் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகிறவர்களும் 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாமாம். பாஸ்போர்ட் உடம்புக்கு 28 நாள். ரேஷன் கார்டு உடம்புக்கு 84 நாள். கிருமிக்கும் சுற்றறிக்கை போயிருக்கும்.

இடைவெளியை நீட்டியதற்குக் கைகாட்டப்பட்டது 2001இல் அமைந்த தேசியத் தடுப்பூசித் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு. அதன் உறுப்பினர்கள் மூவரோ, 12 முதல் 16 வாரம் என்று குழு சொல்லவில்லை என ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் போட்டு உடைத்தார்கள். எட்டு முதல் 12 வாரம்தான் நாங்கள் ஏற்றது, அதற்கு மேல் தரவு இல்லை என்றார் சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் எம்.டி. குப்தே. அரசின் பதில்? எதிர்ப்புக் குறிப்பு எதுவும் பதிவாகவில்லை! வாயால் சொன்னது கணக்கில் சேராது போலும்.

நீண்ட இடைவெளி நல்லதாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் தரவை மேசைமேல் வையுங்கள். ஊசி இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். வரிசையில் நின்றவன் முட்டாள் அல்ல. செத்தவன் புள்ளிவிவரமும் அல்ல.

குழுவை வலுப்படுத்தப் போகிறீர்களா? அமைச்சர் வாய் திறக்குமுன் பரிந்துரை வெளிவரட்டும். யார் மறுத்தார், ஏன் மறுத்தார் என்பது பெயரோடு பதிவாகட்டும். பரிந்துரையை மீறினால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். மனமில்லையா? குழுவைக் கலைத்துவிட்டு ஒரு ரப்பர் ஸ்டாம்பு வாங்குங்கள். அதற்குப் பயணப்படி தர வேண்டாம். மனசாட்சி உறுத்தி அது ராய்ட்டர்ஸைக் கூப்பிடவும் கூப்பிடாது.