பீரங்கி லென்ஸ் கேட்ட மச்சானுக்கு

ஸ்காபரோ,
ஒக்டோபர்

அன்புள்ள மச்சான்,

கனடாவில் இருப்பவனெல்லாம் பீரங்கி மாதிரி நீண்ட லென்ஸ் வைத்திருப்பான், கேட்டால் ஒன்றை அனுப்பிவிடுவான் என்ற உன் நம்பிக்கையில் பாதி சரி. இலையுதிர்காலத்தில் சால்மன் முட்டையிட ஏறிவரும் இங்குள்ள ஹைலண்ட் கிறீக் ஓடைக் கரையில் பீரங்கிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே படத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் நீளமில்லை, எடுக்கிறவன் நிற்கும் கோணம். தண்ணீருக்குள் இருக்கும் மீனை மறைப்பது தூரமா? மேலே மினுங்கும் வெளிச்சம்தான். நேர்க்குத்திலிருந்து ஏறக்குறைய 53 பாகை சாய்வில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே திசையில் அதிரும். போலரைசர் என்ற வட்டக் கண்ணாடியை லென்ஸின் முன்னே பூட்டித் திருகி அதை மறித்தால், கூழாங்கல்லும் அதன்மேல் சினூக் சால்மனின் கறுத்த முதுகும் தெளிவாகத் தெரியும். நீள லென்ஸ் அந்த மினுக்கத்தையே பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். கண்ணாடி வாங்கக் காசில்லாதவனும் எதிர்க்கரை மரங்களின் நிழல் விழும் தண்ணீரைப் பார்த்து நின்றால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் கண்ணாடி பாதி வெளிச்சத்துக்கு மேல் விழுங்கிவிடுமே என்பாய். உண்மை. ஆனால் முட்டையிட இடம் பிடித்த மீன் நீரோட்டத்தை எதிர்த்து நின்ற இடத்திலேயே நீந்தும்; அதற்கு அவசரமில்லை, ஷட்டரை மெதுவாக வைக்கலாம். பாயும் மீனுக்கு ஆயிரத்திலொரு செக்கன் ஷட்டர் வேண்டும்தான். அது தண்ணீருக்கு வெளியே வந்துதானே பாய்கிறது, கண்ணாடியைக் கழற்றிவிடு. நீலநாரையோ சிலைக்குப் பிறந்தது. இரண்டரைக் கிலோப் பறவை பத்துக் கிலோ சால்மனை என்ன செய்யும்? கணக்குத் தெரிந்ததால் சின்ன மீனுக்காகக் காத்து நிற்கும். பூங்காவில் மனிதரைக் கண்டு பழகியதால், நீயும் அசையாமல் நின்றால் சாதாரண லென்ஸுக்கே அகப்படும். மீன்கொத்திக்கு மட்டும் உன் பக்கம் தீர்ப்பளிக்கிறேன். ஆளைக் கண்டதும் கடகடவென்று திட்டிக்கொண்டே பறந்துவிடும்.

இவ்வளவு பெரிய மீனைச் சட்டியில் போடாமல் படம் பிடிப்பதா என்று மாமி கேட்பா. ஆற்றில் ஏறிய சினூக் சாப்பாட்டை நிறுத்திவிடும், தசை தளர்ந்துபோகும், முட்டையிட்டதும் செத்துவிடும். குழம்பு வைத்தால் மாமியின் கைக்குத்தான் கெட்ட பெயர். இந்த ஓடை சேரும் ஒன்ராறியோ ஏரியின் சொந்தச் சால்மன் 1898க்குள் அழிந்துபோனது. இது 1960களின் கடைசியில் அரசாங்கமே பசிபிக் பக்கத்திலிருந்து கூட்டிவந்து விட்ட இனம்; எங்களைப் போல ஸ்பொன்சருக்கு அலையவில்லை.

மன்னாரில் பூநாரை எடுக்கவேண்டும் என்று மறுபடி எழுதுவாய். அது நியாயமான வழக்கு. அவை எட்டத்தில் நிற்கும், சேற்றில் இறங்கிக் கிட்டப் போகவும் முடியாது. ஆனால் நீ பெரும்பாலும் போவது தொண்டைமானாற்றுக்கு. அங்கே கரையோரக் கொக்குக்குப் பீரங்கி எதற்கு? ஆகவே பொதிக்குள் போலரைசர் மட்டும் வரும். உன் லென்ஸ் மூடியின் உட்புறத்தில் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்று இருக்கும், பார்த்து எழுது.

அன்புடன்,
மச்சான்