ரூபாயே கால் வட்டியும் ஒன்பது லட்சியங்களும்

காரைக்குடியை ஒட்டிய அரியக்குடி. தென் திருப்பதி என்று பேர் வாங்கிய திருவேங்கடமுடையான் கோயில் இருக்கிற ஊர். டிசம்பர் 24 முதல் ஆபீஸைப் பூட்டிவிட்டதால் பெங்களூரிலிருந்து பேரன் வந்திருக்கிறான். பட்டாசாலையில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப். எதிரே ஐயா, அதாவது அவன் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அப்பச்சி. பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி அடுத்தாளாகி, ஏஜெண்டாக ஊர் திரும்பியவர். வயது 88. காது நன்றாகக் கேட்கும். அதுதான் பேரனுக்குச் சிக்கல்.

ஐயா: லீவுன்னு சொன்னாக. பெட்டியைத் திறந்து வச்சு உக்காந்திருக்கே?

பேரன்: லீவுதான் ஐயா. மெயில் வராது, போன் வராது. இந்த நேரத்துலதான் அடுத்த வருசத்துக்குத் தயாராகணும். எல்லாரும் தூங்குறப்ப நாம முந்திக்கணும்.

ஐயா: எல்லாரும்னா?

பேரன்: கூட வேலை பாக்கிறவங்க.

ஐயா: அவுக இப்ப என்ன செய்றாக?

பேரன்: அவங்களும் இதேதான் செய்றாங்க. லிங்க்ட்இன்ல போட்டிருக்காங்களே.

ஐயா: அப்பத் தூங்குறது யாரு?

பேரன்: (பேச்சை மாற்றி) இதைப் பாருங்க. ஒன்பது லட்சியம். ரெண்டு சர்டிபிகேட் கோர்ஸ், ரெஸ்யூமே புதுப்பிக்கிறது, ஏஐ கத்துக்கிறது, நெட்வொர்க்கிங்…

ஐயா: கடைசியா சொன்னது என்ன?

பேரன்: தொழிலுக்கு உதவுற ஆளுகளோட பழக்கம் வச்சுக்கிறது. நானூறு பேருக்கு ஒரே அமுக்குல புத்தாண்டு வாழ்த்து போற மாதிரி செஞ்சுட்டேன்.

ஐயா: நாளைக்குப் பிள்ளையார் நோன்பு. பங்காளி எல்லாம் வந்திருக்காக. சிங்கப்பூர்ல பேங்குல பெரிய பதவியில இருக்காரே உன் பெரியப்பச்சி, அவர்கிட்டப் பேசினியா?

பேரன்: ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கேன் ஐயா. இன்னும் ஏத்துக்கலை.

ஐயா: ரெண்டாங்கட்டுல காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காரு.

(நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு என்பது கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள் வருவது. கோடி வேட்டியிலிருந்து உருவிய 21 இழையைத் திரியாக்கி, மாவில் வைத்து, நெய்யிட்டுக் கொளுத்தி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். குழந்தையிலிருந்து இதைச் செய்து பழகியவனுக்கு ‘கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வருவது எப்படி’ என்று பாடம் நடத்த ஆள் இருக்கிறது. பேரன் அதற்குப் பணமும் கட்டியிருக்கிறான்.)

பேரன்: உங்க காலத்துல லீவே கிடையாது. அதனால உங்களுக்கு இது புரியாது.

ஐயா: ஏன் கிடையாது? சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்துல ஒரு பங்கை முன்பணமா வாங்கி வீட்டுல கொடுத்துட்டு, நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறுவோம். மூணு வருசம். அப்புறம் ஊருக்கு வரலாம். வந்ததும் முதலாளி வீட்டு முகப்புல உக்காந்து ஐந்தொகையை ஒப்பிக்கணும். குறிப்பும் பேரேடும் ஒத்துவரணும். கொடுத்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு, வராதுன்னு தெரிஞ்சும் வரும்னு எழுதினது எவ்வளவு. அந்த மூணாவதுலதான் வேர்த்துக் கொட்டும்.

பேரன்: அங்க எங்க தங்குவீங்க?

ஐயா: கிட்டங்கியில. ஒரே நீளக் கூடம். அதுக்குள்ள பத்துப் பதினஞ்சு கடை. கடைக்கு ஒரு பெட்டி, ஒரு அலமாரி, ஒரு பாய். பகல்ல பெட்டி முன்னாடி உக்காருவோம், ராத்திரி பெட்டி பக்கத்துலயே படுத்துக்கிருவோம். சமையல் பொது.

பேரன்: ஐயா, அதுக்குப் பேரு கோ-ஒர்க்கிங் ஸ்பேஸ்! பெங்களூர்ல ஒரு நாற்காலிக்கு மாசம் எவ்வளவு வாங்குறான் தெரியுமா?

ஐயா: எங்களுக்கு நாற்காலி கிடையாது. சரி, உன் படிப்பைப் பாப்போம். எண்ணூறு ரூபாய், நூத்துக்கு மாசம் ரூபாயே கால் வட்டி. ஏழு மாசம் பன்னண்டு நாள். வட்டி எவ்வளவு?

பேரன்: (தட்டி) எழுபத்து நாலு ரூபாய். ரெண்டு செகண்ட்!

ஐயா: சரியாத்தான் சொல்லுது. அதை வசூல் பண்றது எப்படின்னும் சொல்லுதா?

பேரன்: (முகம் சிவந்து) வசூலைப் பத்தி நீங்க பேசலாமா? பர்மா கதையை நானும் படிச்சிருக்கேன். 1930ல நெல் விலை விழுந்துச்சு. நம்மகிட்டக் கடன் வாங்கிப் பணம் கட்ட முடியாதவங்க நிலத்தைக் கொடுத்துட்டுப் போனாங்க. கீழ்ப் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டத்துல 1930ல நம்மாளுக கையில இருந்தது நூத்துக்கு 6 பங்கு நிலம். 1938ல 25 பங்கு. வட்டி கேட்டுப் போனவங்க நிலக்காரங்களாயிட்டாங்க. கையில காசில்லை, கணக்குல சொத்து. 1942ல ஜப்பான்காரன் வந்தான், எத்தனையோ பேர் கால்நடையா ஊர் வந்து சேர்ந்தாங்க. அதுவரைக்கும் ஐந்தொகை பிசகாமத்தானே இருந்திருக்கும்?

ஐயா: காலணா பிசகலை. எங்க அப்பச்சி பேரேடு இன்னும் மச்சுல இருக்கு. கடைசிப் பக்கம் வரைக்கும் அந்த நிலமெல்லாம் சொத்துலதான் நிக்குது.

பேரன்: அப்ப உங்க தயாரிப்பும் என் தயாரிப்பு மாதிரிதான்.

ஐயா: அதேதான். எங்களது கையெழுத்து அழகா இருக்கும்.

(இந்தச் சுற்று பேரனுக்கு. நியாயமாகச் சொல்லவேண்டும் அல்லவா?)

பேரன்: (தெம்பாகி) நாலு மணிக்கு ஒரு வகுப்பு இருக்கு. ‘மீட்டிங் நடத்துவது எப்படி?’ ஆனா இந்தச் சுவருக்குள்ள டவரே கிடைக்க மாட்டேங்குது.

ஐயா: அதைக் கத்துக்க அரியக்குடிக்கு வந்துட்டு டவரைத் தேடுறியே. 1890ல இந்த ஊர்ல பிறந்த ராமானுஜ ஐயங்கார்தானே கச்சேரிக்கே ஒரு ஒழுங்கு கொண்டுவந்தாரு? வர்ணத்துல தொடங்கு, சின்னச் சின்னக் கிருதியா விறுவிறுன்னு போ, நடுவுல கனமானது ஒண்ணு, கடைசியில துக்கடா. எதையும் இழுக்காதே. 1938ல சங்கீத கலாநிதி கொடுத்தாக. இன்னிக்கும் சபாவுல நடக்கிறது அந்த வழிதான்.

பேரன்: எங்க மீட்டிங்ல வர்ணமே ஒன்றரை மணி நேரம் போகும் ஐயா.

ஐயா: யாரு பாடுறது?

பேரன்: மேனேஜர்.

ஐயா: பக்கவாத்தியம்?

பேரன்: நாங்க எல்லாரும் மியூட்ல இருப்போம்.

ஐயா: இன்னொண்ணு கேளு. நீயெல்லாம் லீவுல இருக்கிற மார்கழியிலதான் பாட்டுக்காரங்களுக்கு ஓயாத வேலை. மார்கழிக் கச்சேரிக்கு மார்கழியிலயா சாதகம் பண்ணுவாக? ஆடி ஆவணியில யாரும் பாக்காதப்ப பண்ணியிருப்பாக. அதை யார்கிட்டயும் போய்ச் சொல்லிக்கவும் மாட்டாக.

பேரன்: இந்தக் காலத்துல சொல்லலைன்னா செஞ்சதாவே கணக்கில்லை ஐயா.

ஐயா: சரி, கணக்குன்னியே. போன வருச லட்சியத்தை எடு. முன்பாக்கி பாக்காம புதுக்கணக்கு எழுதக்கூடாது.

(பேரன் தேடுகிறான். ரொம்ப நேரம் தேடவில்லை. கிடைத்ததும் திரையைச் சற்று அந்தப் பக்கம் திருப்புகிறான். ஐயா எழுந்துபோய் அந்தப் பக்கமாகவே உட்கார்ந்துகொள்கிறார்.)

ஐயா: ஒன்பது. ரெண்டு சர்டிபிகேட் கோர்ஸ், ரெஸ்யூமே… எழுத்துகூட மாறலையே. தேதியை மட்டும் மாத்தினியா?

பேரன்: இல்லை ஐயா. தேதியை அதுவே மாத்திக்கிச்சு.

ஐயா: கோர்ஸ் ரெண்டும் என்னாச்சு?

பேரன்: ஒண்ணு பதினாலு சதவீதம் முடிச்சேன். இன்னொண்ணுக்குப் பணம் கட்டியாச்சு.

ஐயா: அப்ப அது வாராக்கடன். தள்ளி எழுது. மிச்சம்?

பேரன்: மிச்சமெல்லாம் நடந்துக்கிட்டு இருக்கு.

ஐயா: எங்க முதலாளிகிட்ட இப்படிச் சொன்ன அடுத்தாள் அடுத்த கப்பல்ல ஏறலை.

பேரன்: சரிங்க ஐயா, என்னைக் குடைஞ்சது போதும். அடுத்த வருசத்துக்கு நீங்க என்ன தயார் பண்ணியிருக்கீங்க?

ஐயா: பொங்கல் கழிச்சு இந்த வீட்டுல படம் பிடிக்க சினிமாக்காரங்க வர்றாக. ஒரு வாரம் வாடகை பேசியாச்சு, முன்பணமும் வந்தாச்சு. அதுக்குள்ள மேல்மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடிக்கணும். ஆள் கூப்பிட்டா நோன்பு முடிஞ்சு வர்றேங்கிறான். அந்த ஏணியை எடு.

பேரன்: நானா? நாலு மணிக்கு வகுப்பு இருக்கே ஐயா.

ஐயா: மேல ஏறிக்கிட்டே கேளு. அங்கதான் டவர் கிடைக்கும்.