இலந்தைக்குச் சொந்தக்காரி

சான்டா குரூஸ், கலிஃபோர்னியா

அன்புள்ள அம்மாவுக்கு,

"வாசல்ல ஒரு பூச்செடி கூடவா இல்ல?" என்று கேட்டிருந்தாய். இருந்தது. நான்தான் கொன்றுவிட்டேன். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

இங்கே கடலோரக் குன்றுகளில் நம் கோவில்பட்டி உடங்காடு மாதிரி புதர்க்காடு உண்டு. 'சாப்பரல்' என்கிறார்கள். வசந்தம் வந்தால் அதில் பாதி நீலமாகிவிடும். எல்லாம் சியனோதஸ் பூ. ஊர்வாய்க்கு 'கலிஃபோர்னியா லைலாக்'. ஆனால் லைலாக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அசல் சொந்தம் யார் தெரியுமா? நம் இலந்தை! இரண்டும் ஒரே குடும்பம். தெரிந்ததும் பரதேசத்தில் பங்காளியைப் பார்த்த மாதிரி ஒரு கன்று வாங்கி வந்தேன்.

பூவைத் தண்ணீர் விட்டுக் கசக்கினால் நுரைக்கும். இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அதுவும் ஒரு சோப்பு. விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்து அதைப் போட்டுக் குளித்தேன். நுரை வந்தது, நீ கொடுத்துவிட்ட நல்லெண்ணெய் போகவில்லை. திங்கட்கிழமை ஆபீசில் என் தலை மட்டும் தனியாக மின்னியது.

நர்சரிக்காரர் ஒன்றுதான் சொன்னார்: வேர் பிடித்த பிறகு கோடையில் தண்ணீர் காட்டாதே. இங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடையில் மழை அபூர்வம். அதற்குப் பழகிய செடி. சூடான மண்ணில் ஈரம் நின்றால் வேர் அழுகிவிடும். ஆனால் வெயிலைப் பார்த்தால் "பாவம்டா, ஒரு குடம் ஊத்து" என்று உன் குரல் கேட்கிறதே! தினமும் அரிசி கழுவிய தண்ணீர். போதாதென்று உரம் வேறு. உளுந்துக்கு மாதிரியே இதற்கும் வேர் முடிச்சில் நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலிருந்து சத்துப் பிடித்துத் தருகிறதாம். வீட்டில் விருந்து நடக்கும்போது ஓட்டல் பார்சல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்! ஆடி முடிவதற்குள் கதை முடிந்தது.

எதிர்வீட்டுப் பாட்டியம்மா பரிதாபப்பட்டு விதை கொடுத்தார். அது லேசில் முளைக்காது. மண்ணுக்குள் வருஷக்கணக்கில் தூங்கும். காட்டுத்தீ வந்து சூடு காட்டினால்தான் எழும். வீட்டில் அதற்குப் பதில் வெந்நீரில் போட்டு எடுத்து, ஈரத்தாளில் சுற்றிச் சில வாரம் குளிரில் வைக்க வேண்டும். பாதி விதை இப்போது இட்லி மாவுக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜில்.

மீதியை அடுப்படியில் வைத்திருந்தேன். உன் மருமகள் கடுகு என்று நினைத்துச் சட்னிக்குத் தாளித்துவிட்டாள். பொறுக்கி எடுத்து அதையும் ஊன்றி வைத்திருக்கிறேன். தீ பட்டால்தானே முளைக்கும்?

அன்பு மகன்