பதினாறு பல்

நான் ஆபீசுக்கு ஓட்டிப்போகும் சைக்கிளுக்குக் குறுக்குக் கம்பி கிடையாது. பதினோராம் வகுப்பில் என் மகளுக்கு அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிதிவண்டி அது. அவள் படிப்புக்காகக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நின்றது. அந்த நேரம் பார்த்து எனக்கு ரத்தத்தில் சர்க்கரை என்று சீட்டு வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். தருமபுரி போன்ற ஊரில் நடப்பது லேசில்லை. தெரிந்தவர்கள் பைக்கை நிறுத்தி ஏற்றிக்கொள்கிறார்கள், மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். சைக்கிளில் போகிறவனை யாரும் ஏற்றிக்கொள்ள முடியாது. இந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஐம்பது தாண்டிய வயதில் சைக்கிள்காரன் ஆனேன். சுற்றுச்சூழல் அக்கறை என்று ஆபீசில் சொல்லிவைத்திருப்பது பொய்.

வீடு பென்னாகரம் ரோட்டில், மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆபீஸ் நான்கு ரோடு சந்திப்பைத் தாண்டி. ஓர் ஆடிட்டரிடம் கணக்கு எழுதும் வேலை. மனைவி டவுன் பஸ்ஸில் போகிறாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆக, எங்கள் வீட்டில் போய்வருவதற்குப் பணம் செலவழிக்கிற ஒரே ஆள் நான். சைக்கிளுக்குப் பெட்ரோல் கூட வேண்டாமே, அப்படி என்ன செலவு என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதைத்தான் கேட்கிறாள்.

சைக்கிளைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06இல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரிந்த திட்டம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி மாவட்டம் எங்களுடையது: 68.54 சதவீதம். பென்னாகரம், அரூர் பக்கத்து உள்கிராமங்களில் பிள்ளை இருப்பது ஓர் ஊர், மேல்நிலைப் பள்ளி இருப்பது இன்னோர் ஊர். நடுவில் வரும் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்குப் படிப்பு அவ்வளவுதான். அங்கே இந்த வண்டிக்கு இருக்கிற மரியாதை வேறு. பிள்ளை பள்ளியை முடித்த பிறகும் அதற்கு ஓய்வு கிடையாது. பால் கேன் ஏறும், சோளத்தட்டுக் கட்டு ஏறும், பாலக்கோடு பக்கம் போனால் தக்காளிப் பெட்டி ஏறும். அத்தனை சுமையையும் தாங்கி வருஷக்கணக்கில் ஓடுகிற வண்டியை ஒரே ஒரு சாப்பாட்டுப் பையோடு ஓட்டிக் கெடுத்தவன் மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதலில் கைவைத்தது கூடையில். முன்னால் கூடை, கூடையில் அரசு முத்திரை, பின்னால் நரைத்த மீசை. டீக்கடையில் ஒருவர், "பாப்பா சைக்கிளா சார்?" என்று அன்பாகத்தான் கேட்டார். அன்று சாயங்காலமே ஸ்பானரை எடுத்துக் கூடையைக் கழற்றினேன். மறுநாள் சாப்பாட்டுப் பை ஹேண்டில்பாரில் தொங்கியது. மேம்பாலத்து இறக்கத்தில் பை ஆடி, ஆடி, முன்சக்கரத்துக் கம்பிக்குள் வாயை நுழைத்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ரசம் பாலத்தோடு போயிற்று. கூடை திரும்ப ஏறியது. கழற்றும்போது ஒரு நட்டைத் தொலைத்துவிட்டதால் இப்போது கடகடக்கிறது. பெல் அடிக்கத் தேவையில்லை என்பது ஒரு லாபம்.

இந்த வெட்கம் என்னை இன்னும் உறுத்துவதற்குக் காரணம், எனக்குக் கொஞ்சம் வரலாறு தெரியும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஊர் வாயை எல்லாம் கேட்டுக்கொண்டு, குறுக்குக் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டு ஓட்டிய பெண்கள் அவர்கள். குறுக்குக் கம்பி இல்லாததை ஓட்டிய நான் ஒரு டீக்கடைக் கேள்விக்கே கூடையைக் கழற்றிவிட்டேன்.

அடுத்தது கனம். சில வாரம் ஓட்டியதும் வண்டி மிதிக்க முடியாமல் கனத்தது. மேம்பாலம் ஏறும்போது ஸ்கூல் பையன்கள் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் ஓட்டுவதும் இதே அரசாங்க சைக்கிள்தான். ஆகவே கோளாறு வண்டியில் இல்லை, வயதில் என்று எண்ணியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். நான் டயரைச் சந்தேகித்தேன்.

ஆன்லைனில் நல்ல கொட்டை போட்ட டயர் ஒன்றைப் பார்த்து வாங்கினேன். என் டயரின் பக்கவாட்டில் 26 × 1⅜ என்று இருந்தது. வந்ததில் 26 × 1.75 என்று இருந்தது. 26 என்றால் 26 தானே, பின்னால் வருவது தடிமன்தானே என்பது கணக்குப்பிள்ளை புத்தி. சைக்கிள் உலகத்தில் அப்படி இல்லை. முதல் ரகம் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். இரண்டாவது, மலை சைக்கிள் ரகம், 559. இரண்டுக்கும் பெயர் இருபத்தாறு. 31 மில்லிமீட்டர் குறைவான வளையத்தை ரிம்மில் ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடினேன். டயர் நெம்புகிற கரண்டி இல்லாததால் சமையலறையிலிருந்து நிஜக் கரண்டியே வந்தது. இரண்டு வளைந்தன. அதிலொன்றால்தான் இன்னமும் எனக்குச் சாம்பார் ஊற்றப்படுகிறது.

நான்கு ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வேப்பமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. அறுபது வயதுக்கு மேற்பட்ட மனிதர்; அண்ணா என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். டயரைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேற சைக்கிளுக்குங்க சார்" என்றார். அப்புறம், "காத்து பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றேன். பார்த்தது உண்மை, டயர் வட்டமாகத்தான் இருந்தது.

காற்றைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று எண் காட்டும் பிரஷர் கருவி ஒன்று வாங்கினேன். அது ஸ்கூட்டர் வால்வில்தான் உட்காரும். அதற்கு ஓர் இணைப்பு வாங்கினேன். அப்போதும் பூஜ்யம். நம்முடைய சாதா சைக்கிள் வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கிறது. உலோகக் குச்சியின் பக்கத்து ஓட்டையை அது இறுக்கி மூடியிருக்கும். வெளியிலிருந்து அடிக்கும் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே இருப்பது வெளியே வராது. வராத காற்றை எந்தக் கருவி அளக்கும்? இந்த விஷயம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருப்பதால்தான் எல்லாரும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார்கள்.

இதற்குள் பின்சக்கரம் ராத்திரிக்கு ராத்திரி இறங்க ஆரம்பித்தது. வேலிக்காத்தான் முள்ளுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம். பஞ்சர் என்றே முடிவு கட்டினேன். டியூபை உருவி வாளித் தண்ணீரில் அமுக்கினேன். ஒரு குமிழி இல்லை. வாங்கிய சொல்யூஷன் வீணாகக் கூடாதென்று, சந்தேகப்படும்படி இருந்த ஓர் இடத்தில் ஒட்டுப் போட்டேன். மறுநாள் காலை டயர் தரையோடு தரை. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணா டியூபைத் தொடவே இல்லை. காற்றடித்தார், ஆள்காட்டி விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். எச்சில் மெதுவாக உப்பி ஒரு குமிழி விட்டது, உடைந்தது, இன்னொன்று. நானும் குனிந்து பார்த்தேன். வால்வைத் திருகி எடுத்தபோது அந்த ரப்பர் குழாய் வெந்த சேமியா மாதிரி கையோடு வந்தது. புதிதாக ஒன்றை நறுக்கி மாட்ட ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. கூலி வாங்க மறுத்துவிட்டார். "வாரம் ஒருக்கா காத்து அடிங்க சார்" என்றார்.

வாரம் ஒருமுறை. இங்கேதான் என் குணம் இடிக்கிறது. வாராவாரம் ஐந்து நிமிஷம் செய்கிற வேலை எனக்குச் சள்ளை. ஒரே நாளில் உட்கார்ந்து வண்டியையே மாற்றியமைக்கும் வேலை என்றால் சோறு தண்ணி வேண்டாம். செயினுக்கு எண்ணெய் விடச் சொன்னால் தையல் மெஷின் எண்ணெய் வாங்கச் சோம்பல்பட்டுத் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். எறும்பு வரிசை கட்டியது. பெடல் ஆடுகிறது என்று கழற்றப்போய், இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை என்று தெரியாமல் ஸ்பானரின் மேல் ஏறி நின்று அதை இன்னும் இறுக்கிவிட்டு வந்தேன். நன்மைதான் விளைந்தது, ஆட்டம் நின்றது.

ஆனால் பெரிய காரியம் என்றால் அது ஃப்ரீவீல், பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம். ஆபீசில் வேலை குறைந்த ஒரு மத்தியானம் எக்செல்லைத் திறந்தேன். முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.44 சுற்று. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு வண்டி 5 மீட்டர் சொச்சம் போகிறது. பின்னால் 16 பல் போட்டால் 2.75 சுற்று, 5.7 மீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் இலவசம்! மேற்கொண்டு எழுத வேண்டிய பத்தி ஒன்று இருந்தது: மிதிக்க வேண்டிய பலமும் அதே கணக்கில், எட்டில் ஒரு பங்கு, கூடும். அதை எழுதவில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை விட்ட கணக்கைக் கட்சிக்காரர் யாராவது கொண்டுவந்தால் நான் என்ன பேச்சு பேசுவேன் என்பது ஆபீசுக்கே தெரியும்.

பழைய ஃப்ரீவீலைக் கழற்ற அதற்கென்று ஒரு கழற்றி இருக்கிறது. என்னிடம் இருந்தது உளியும் சுத்தியலும். தெரு முழுக்கக் கேட்டது. எப்படியோ புதியது ஏறியது. பல் குறைந்ததால் செயின் தொளதொளத்தது. பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முறுக்கினேன், வலது பக்கம் கொஞ்சம் அதிகமாகவும் இடது பக்கம் கொஞ்சம் குறைவாகவும். சமதரையில் வண்டி பறந்தது. அன்றைக்கு அந்த சந்தோஷம் நிஜம், அதை மறைக்க மாட்டேன். மேம்பாலத்தின் பாதியில் முழங்கால் இரண்டும் ஒரே சமயத்தில் மறுத்தன. எழுந்து நின்று மிதித்தேன். கோணலாக நின்ற சக்கரத்திலிருந்து செயின் கழன்றது. மிதித்த கால் காற்றில் போக, நான் சீட்டிலிருந்து முன்னால் இறங்கினேன். குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளின் அருமையை அந்தக் கணத்தில் முழுசாக உணர்ந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். கடைக்குப் போனால் ஃப்ரீவீல் விஷயம் தெரிந்துவிடும் என்று கூச்சப்பட்டு, பிரேக் கட்டையையும் நானே மாற்றினேன். ரப்பர் கட்டையைப் பிடித்திருக்கும் தகரக் கூட்டுக்கு ஒரு பக்கம் மூடி இருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். மூடிய பக்கம் முன்னால் பார்க்க வேண்டும்; ஓடுகிற ரிம் கட்டையை முன்னால்தான் இழுக்கும். நான் திறந்த பக்கத்தை முன்னால் வைத்தேன். அன்று மழை வேறு. நனைந்த இரும்பு ரிம்மில் நல்ல பிரேக்கே பாதிதான் பிடிக்கும். பாலத்திலிருந்து இறங்கி நான்கு ரோட்டை நெருங்கும்போது பிரேக்கை அழுத்தினேன். கறுப்பாக ஏதோ ஒன்று எனக்கு முன்னால் துள்ளிக்கொண்டு ஓடியது. என் பிரேக் கட்டை. என்னை முந்திக்கொண்டு சிக்னலில் போய் நின்றது. நான் செருப்பைத் தேய்த்து, ஓர் இளநீர் வண்டியின் மேல் கை ஊன்றி நின்றேன். "பாத்து வாங்கண்ணா" என்றார் இளநீர்க்காரர். அதைவிடக் கடுமையாகச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

நேராக வேப்பமரத்தடி. அண்ணா வண்டியைச் சுற்றி வந்தார். கோணல் சக்கரம், உளி கொத்திய தழும்பு, கூடு மட்டும் இருந்த பிரேக், எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பின்டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் உள்ளே போனது. பம்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

காற்றடித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அவர் பதினாறைக் கழற்றிப் பதினெட்டு ஒன்றை மாட்டினார். கழற்றியதைத் துணியில் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டே, "இது இங்க இருக்கட்டும் சார். மேடு இல்லாத ஊர்க்காரன் யாராச்சும் வந்தா மாட்டி உடறேன்" என்றார். பழைய ஒரிஜினலைக் கேட்டார். உளியடியில் அதன் இரண்டு பல் போய்விட்டதை அவரிடம் சொல்லவில்லை. எங்கேயோ வைத்துவிட்டேன் என்றேன்.

பாலத்தில் இப்போது ஸ்கூல் பையன்கள் தாண்டிப்போவது குறையவில்லை, ஆனால் நான் இறங்கித் தள்ளுவதில்லை. மிச்சம் ஒரே ஒரு குறை: இடது பெடல் கீழே போகும்போதெல்லாம் டக் என்கிறது. பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. நட்டை முறுக்கினால் போதும் என்று நினைத்து முறுக்கி மரையைத் தின்றுவிட்டேன். அந்த நட்டு பின்னைப் பிடித்துவைக்கத்தான், இழுத்து உட்காரவைக்க அல்ல. அடியில் முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் ஒரே அடியில் இறக்க வேண்டுமாம். சொல்லிக் கொடுத்தார், புதுப் பின்னும் கொடுத்தார். சாயங்காலம் செய்யலாம் என்று ஆபீசில் மேஜைமேல் வைத்தேன். கனமான, பளபளப்பான, விரல் நீள இரும்பு. ஆடிட்டர் வந்து எடுத்துப் பார்த்தார், நன்றாயிருக்கிறதே என்றார், ஃபேன் காற்றில் பறந்துகொண்டிருந்த தன்னுடைய ஜிஎஸ்டி சலான்களின் மேல் வைத்துக்கொண்டார். மார்ச் மாதம். திருப்பிக் கேட்கிற நேரமா இது?